பிடித்தால் விடாத கிருமி

மந்தையில் ஒரு தாய் ஆடு பின்னங்காலை இழுத்து இழுத்துக் கடைசியில் வருகிறது. மேய்ப்பவர் முதலில் குளம்பைத் தூக்கிப் பார்க்கிறார். முள் ஏறியிருக்கும், குளம்பில் புண் இருக்கும் என்பது அவர் கணக்கு. அங்கே ஒன்றுமில்லை. பசித்த குட்டி முட்டிக் குடிக்க வந்தால், ஆடு அதை உதைத்துத் தள்ளுகிறது. மடியில் கை வைத்த பிறகுதான் விஷயம் புரிகிறது. ஒரு பக்கம் வீங்கி, இறுகி, கொதிக்கிறது. நடக்கும்போது அந்தப் பக்கத்துத் தொடை மடியில் உரசும். அந்த வலிக்குப் பயந்துதான் ஆடு காலை இழுக்கிறது.

இன்னும் ஒரு நாள் போனால் சூடு தணிந்துவிடலாம். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நினைத்து நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. உண்மையில் நோயின் மோசமான கட்டம் அதுதான். ரத்த ஓட்டம் நின்றுபோய், தோல் நீலம் பாய்ந்து, மடி சில்லிட்டிருக்கிறது. கறந்தால் ரத்தம் கலந்த நீர் வருகிறது. சிகிச்சை பிந்தினால் ஆடு சாகும். பிழைத்தாலும் அந்தப் பக்கத்து மடி அழுகி உதிர்ந்துவிடும். செம்மறிகளுக்கு வரும் மடிநோயின் மிகக் கொடிய வடிவம் இது. பெரும்பாலும் இதற்குக் காரணம், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே உள்ள ஓர் உருண்டைக் கிருமி. பெயர் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்.

இதே கிருமி வேறொரு ஆட்டின் மடியில் மாதக்கணக்கில் இருக்கும். அங்கே வீக்கமோ சூடோ எதுவும் தெரியாது. பால் கொஞ்சம் குறையும், குட்டி கொஞ்சம் மெலியும், அவ்வளவுதான். பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் செம்மறி மடிநோயிலிருந்து எடுத்த இரண்டு வகைகளின் மரபணுத் தொகுப்பை 2011-ல் வெளியிட்டார்கள். ஓ11 என்ற வகை மடியை அழுகவைப்பது. ஓ46 என்ற வகை லேசான நோயோடு நின்றுவிடுவது. இரண்டும் மிக நெருங்கிய உறவு. விளைவில் இவ்வளவு தூரம் விலகி நிற்கிற இந்த இரண்டுக்கும் முதல் வேலை ஒன்றுதான்: மடிக்குள் எதையாவது இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஏன் பிடிக்க வேண்டும்? மடி என்பது ஓயாமல் கழுவப்படுகிற இடம். உள்ளே பால் சுரந்துகொண்டே இருக்கிறது. குட்டி ஒரு நாளில் பலமுறை முட்டி உறிஞ்சுகிறது. பாலில் மிதந்துகொண்டிருக்கும் கிருமி அந்த ஓட்டத்தோடு வெளியே போய்விடும். சுரப்புச் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டது மட்டும் தங்கிப் பெருகும். மடிநோயைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எந்த மருந்து, எத்தனை நாள் ஊசி என்பதிலேயே நின்றுவிடுகிறது. நோயின் போக்கு பெருமளவு தீர்மானமாவது ஊசிக்கு வெகு முன்னால், இந்தப் பிடிப்பில்தான் என்று நான் நம்புகிறேன். அதனால் அதை நிதானமாகப் பார்ப்போம்.

காம்பு வழியே

செம்மறியின் மடிக்கு இரண்டு பாதி, பாதிக்கு ஒரு காம்பு. இரண்டுக்கும் நடுவே பால் கலப்பதில்லை. ஒரு பாதி அழுகும்போது மறுபாதி நல்ல பால் தருவது அதனால்தான். காம்பின் நுனியில் உள்ள குறுகிய துளையின் உட்சுவரில் கெராட்டின் படிந்திருக்கும். நம் நகத்திலும் முடியிலும் இருக்கும் அதே புரதம்தான். நுழைகிற கிருமிகளைத் தடுத்து நிறுத்துகிற முதல் காவல் அது.

அதையும் தாண்டினால் இன்னொரு காவல் உண்டு. காம்புத் துளை முடிந்து பால் தேங்கும் அறை தொடங்கும் எல்லையில், வெள்ளையணுக்கள் திரண்டு நிற்கும் திசு இருக்கிறது. கிரீஸ் நாட்டின் தெசாலி பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவக் குழு செம்மறிகளில் இதை விரிவாக ஆராய்ந்தது. அவர்கள் சோதித்த கிருமி மான்ஹெய்மியா ஹீமோலிட்டிகா. குட்டிகளின் வாயிலும் தொண்டையிலும் சாதாரணமாகக் குடியிருப்பது. பால் குடிக்கும்போது காம்புக்கு மாறும். குட்டியை ஊட்டவிட்டு வளர்க்கும் மந்தைகளில் ஸ்டெஃபிலோகாக்கஸுக்கு அடுத்தபடி கடும் மடிநோய் தருவது இதுதான். ஆரோக்கியமான காம்பின் துளைக்குள் இந்தக் கிருமியை வைத்தபோது பொதுவாக நோய் மூளவில்லை. காம்புத் தோல் வெடித்திருந்த ஆடுகளிலும், ஆர்ஃப் வைரஸால் காம்பில் புண் இருந்த ஆடுகளிலும் மூண்டது.

யாரும் பொருட்படுத்தாத ஒரு சின்ன வெடிப்பு எப்படி இவ்வளவு பெரிய வாசலாகிறது? கிருமி எதைப் பிடிக்கிறது என்று தெரிந்தால் இதற்கும் பதில் கிடைக்கும்.

பிடி விழும் இடம்

ஸ்டெஃபிலோகாக்கஸின் வெளிச்சுவரில் பல விதமான புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. செல்லுக்குள் தயாராகும் இவற்றைச் சுவரோடு சேர்த்துப் பிணைக்க சார்ட்டேஸ் என்ற நொதி இருக்கிறது. அந்த நொதியை மட்டும் நீக்கிவிட்டால், புரதங்கள் தயாராகியும் சுவரில் நிற்காது; கிருமியின் வீரியம் பெரிதும் விழுந்துவிடும்.

மடியைப் பொறுத்தவரை இவற்றில் முக்கியமானவை ஃபைப்ரோநெக்டினைப் பிடிக்கும் இரண்டு புரதங்கள். ஃபைப்ரோநெக்டின் ஆட்டின் சொந்தப் பொருள். செல்களைச் சுற்றியுள்ள வலையில் இருக்கும், ரத்தத்திலும் ஓடும். காயம் ஆறுவதற்கு உடம்பு நம்பியிருக்கும் புரதங்களில் ஒன்று. அதன் ஒரு பகுதியை ஆட்டின் செல்கள் பிடித்துக்கொள்வதற்காக, செல்லின் மேற்பரப்பில் இன்டெக்ரின் என்ற ஏற்பி இருக்கிறது. கிருமி செய்வது இதுதான்: ஆட்டின் ஃபைப்ரோநெக்டினை ஒரு நுனியில் தான் பிடித்துக்கொள்கிறது. மறுநுனியை ஆட்டின் செல், தன் பொருள்தானே என்று, இன்டெக்ரினால் பிடித்துக்கொள்கிறது. நடுவில் ஆட்டின் புரதம், இரு பக்கமும் இரண்டு பிடி.

இந்தப் பிடி எவ்வளவு அழுத்தமானது என்பதை 2003-ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு விளக்கியது. மனித ஃபைப்ரோநெக்டினை வைத்துச் செய்த ஆய்வு அது. ஃபைப்ரோநெக்டின் வரிசையாகப் பல கண்ணிகள் கொண்டது. கிருமியின் புரதம், ஒழுங்கான வடிவம் இல்லாத நீண்ட நூலாகத் தொங்கி, அந்தக் கண்ணிகள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் அடுத்தடுத்துப் படிந்து பொருந்துகிறது. பையின் ஜிப் ஒவ்வொரு பல்லாகக் கோத்து மூடுவதைப் போன்றது என்பதால், ஆய்வாளர்களே அதற்கு ஜிப் என்று பெயர் வைத்தார்கள். ஒரே ஓரிடத்துப் பிடி என்றால் பால் ஓட்டம் பிடுங்கிவிடலாம். பல இடத்தில் ஒரே சமயத்தில் விழுந்த பிடி அவ்வளவு லேசில் நெகிழாது.

ஆரோக்கியமான மடியில், பால் படும் பக்கத்தில் சுரப்புச் செல்கள் இடைவெளியில்லாமல் நெருங்கி நிற்கும். ஃபைப்ரோநெக்டின் பெரும்பாலும் அவற்றின் அடிப்பக்கத்தில் மறைந்திருக்கும். தோல் வெடித்தாலோ, கறவை இயந்திரம் இழுத்துத் திசு நைந்தாலோ, குட்டியின் பல் பட்டாலோ, மறைந்திருந்தது வெளியே தெரியும். காயத்தை ஆற்றுவதற்கு உடம்பு விரித்து வைக்கிற அதே புரதத்தின் மேல் கிருமி வந்து உட்காருகிறது. வெடித்த காம்பு ஆபத்தாவதற்கு இது முக்கியமான காரணம். அழற்சி தொடங்கிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ரத்தக்குழாய்கள் கசிந்து ஃபைப்ரினோஜன் என்ற ரத்தப் புரதம் பாலுக்குள் இறங்கும். அதைப் பிடிப்பதற்கென்றே கிருமியிடம் வேறு புரதங்கள் இருக்கின்றன. ஃபைப்ரினோஜனைத் தன்னைச் சுற்றி இழுத்துக்கொண்டு, கொத்தாகத் திரண்டு, வெள்ளையணுக்களின் வாயில் அகப்படாமல் அது தப்பிக்கிறது.

இதையெல்லாம் ஆய்வுக்கூடத்தில் எப்படிப் பார்க்கிறார்கள்? மடியிலிருந்து எடுத்த சுரப்புச் செல்களைச் சிறு குழிகள் கொண்ட தட்டில் வளர்க்கிறார்கள். அவை தட்டின் அடியில் ஒரே அடுக்காகப் படரும். மேலே கிருமிகளைச் சேர்த்து, உடல் வெப்பத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் வைக்கிறார்கள். பிறகு உப்புக் கரைசலால் திரும்பத் திரும்பக் கழுவுகிறார்கள். மிதந்தவை போய்விடும், ஒட்டியவை நிற்கும். அவற்றை எண்ணினால் ஒட்டும் திறன் தெரிந்துவிடும். இன்னொரு தட்டில், கழுவிய பின் ஜென்டாமைசினோ லைசோஸ்டாஃபினோ சேர்க்கிறார்கள். வெளியே ஒட்டியிருந்த கிருமிகள் அத்தனையும் சாகும். இந்த மருந்துகள் செல்லுக்குள் எளிதில் போகாது. பிறகு செல்களை உடைத்து, உள்ளே இருந்ததைக் கிருமி வளரும் ஊடகத்தில் தடவி, ஓர் இரவு வைக்கிறார்கள். எதுவும் முளைக்கக் கூடாது என்று நாம் எதிர்பார்ப்போம். காலையில் தட்டில் புள்ளி புள்ளியாகக் கிருமிக் கூட்டங்கள் நிற்கும்.

பிடித்தவை உள்ளேயும் போய்விட்டன என்பதற்கு அந்தப் புள்ளிகள்தான் அத்தாட்சி. நிறைய இன்டெக்ரின்கள் ஓரிடத்தில் திரண்டதும், செல் தன் உட்சட்டகத்தை அசைத்து, வெளிச்சவ்வை மடித்து, கிருமியை விழுங்கிக்கொள்கிறது. பால் சுரப்பதற்காக இருக்கும் செல், தன்னையறியாமல் கிருமிக்கு இடம் கொடுத்துவிடுகிறது. பசுவின் மடிச் செல்களில் இது 1990-களிலேயே திரும்பத் திரும்ப நிரூபிக்கப்பட்டது.

ஊசி போட்டதும் பால் தெளிந்து, சில வாரம் கழித்து அதே மடியில் நோய் திரும்புவது ஆடு மாடு வளர்ப்பவர்களுக்குப் பழகிய துயரம். மருந்து போலி என்றோ, மருத்துவர் சரியில்லை என்றோ பேச்சு வரும். பென்சிலின் வகை மருந்துகள் செல்லுக்குள் குறைவாகவே சேரும்; வேகமாகப் பெருகும் கிருமியின் மேல்தான் அவை நன்றாக வேலை செய்யும். உள்ளே பதுங்கிய கிருமி மெதுவாகவே வளர்கிறது. சில சமயம் வளர்ச்சியைச் சுருக்கிக்கொண்டு, மிகச் சிறிய கூட்டங்களாக மட்டும் முளைக்கும் வடிவத்துக்கு மாறிக்கொள்ளும். மருந்து நின்ற பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்பும்.

உள்ளே போக விடாத ஒரு பிடி

இப்படியென்றால் ஃபைப்ரோநெக்டின் பிடியை மட்டும் உடைத்தால் போதாதா? முயன்றிருக்கிறார்கள். அந்த இரண்டு புரதங்களும் இல்லாத கிருமியை உருவாக்கி எலியின் மடியில் விட்டுப் பார்த்த ஆய்வு 2003-ல் வெளியானது. நுழைவு குறைந்தது, ஆனால் முற்றாக நிற்கவில்லை. கிருமிக்கு ஒரு கை போனால் இன்னொரு கை இருக்கிறது. ஒரே ஒரு புரதத்தைக் குறிவைத்து எடுக்கும் முயற்சிகள் மடிநோயில் ஏன் திரும்பத் திரும்ப ஏமாற்றம் தருகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு மிகவும் வியப்பளித்த கண்டுபிடிப்பு ஸ்பெயினிலிருந்து வந்தது. அங்கே செம்மறிப் பால் முக்கியமான தொழில். ஆட்டு மடியிலிருந்து எடுத்த ஸ்டெஃபிலோகாக்கஸில் சில, தம்மைச் சுற்றி வழவழப்பான கூழ் ஒன்றைச் சுரப்பதை 1990-களில் அந்நாட்டு ஆய்வாளர்கள் கவனித்தார்கள். பல கிருமிகள் ஒன்றாகச் சேர்ந்து அந்தக் கூழுக்குள் புதைந்துகொண்டால் அதை உயிர்ப்படலம் என்கிறார்கள். மருந்தும் வெள்ளையணுவும் அதற்குள் சிரமப்பட்டுத்தான் போக வேண்டும். 2001-ல், பசு மடிநோயிலிருந்து எடுத்த ஒரு வகையில், இந்தப் படலம் உருவாகக் காரணமான பெரிய புரதம் ஒன்றை ஸ்பெயின் குழு கண்டுபிடித்து 'பாப்' என்று பெயரிட்டது. அவர்கள் சோதித்த மடிநோய்க் கிருமிகளில் 5 சதவீதத்தில்தான் அது இருந்தது.

2012-ல் அதன் இன்னொரு முகம் தெரியவந்தது. பாப் புரதம் செல்லின் மேலுள்ள ஜிபி96 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒட்டுவதற்கு அது உதவுகிறது. அதே சமயம், ஃபைப்ரோநெக்டின் வழியாகச் செல் கிருமியை விழுங்குவதைத் தடுக்கிறது. உள்ளே போய் ஒளிவதைவிட, வெளியிலேயே ஒட்டிக் கூட்டமாகத் தங்குவது இந்த வகையின் வழி. இதில் பாலுக்கும் பங்குண்டு. கால்சியம் அதிகமிருந்தால் பாப் புரதத்தால் கிருமிகளை ஒன்றாகத் திரட்ட முடியாது என்பது 2004-லேயே தெரிந்த செய்தி. கால்சியம் நிறைந்த பாலில் அது அடங்கியிருக்க, கால்சியம் குறைந்த சூழல் அமைந்தால் திரட்டத் தொடங்கிவிடும்.

மடி சும்மா இருப்பதில்லை

கிருமி ஒட்டியதும் சுரப்புச் செல் அதை உணர்ந்துகொள்கிறது. செல்லின் மேலுள்ள உணரிகள் கிருமியின் சுவர்ப் பொருளைக் கண்டு, ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களை வரவழைக்கும் வேதிப்பொருளை வெளியிடுகின்றன. சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் பாலுக்குள் இறங்கும். துரதிர்ஷ்டவசமாக, பாலில் அவை கொழுப்புத் துளிகளையும் கேசின் என்ற பால் புரதத்தையும் விழுங்கித் தம் பலத்தை இழக்கின்றன. மாடு, ஆடுகளில் பரவியுள்ள ஸ்டெஃபிலோகாக்கஸ் வகைகள் பலவற்றிடம், இந்த விலங்குகளின் நியூட்ரோஃபில்களைத் துளைத்துக் கொல்லும் நச்சும் இருக்கிறது. மான்ஹெய்மியாவும் அதற்கென்று ஒரு நச்சு வைத்திருக்கிறது.

பாலில் இறங்கிய இந்த வெள்ளையணுக்களை நம் கண்ணாலேயே பார்க்க ஓர் எளிய வழி உண்டு. 1957-ல் கலிஃபோர்னியாவில் உருவான சோதனை அது. நான்கு கிண்ணங்கள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில், இடது மடிப் பாலை ஒன்றிலும் வலது மடிப் பாலை இன்னொன்றிலும் பீய்ச்சி, சோப்புத் தன்மையுள்ள ஊதா நிறக் கரைசலை அதே அளவு ஊற்றி, தட்டை மெல்ல வட்டமாக ஆட்ட வேண்டும். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். வெள்ளையணு மிகுந்த பால் சில நொடிகளில் கெட்டியாகி, தட்டைச் சாய்த்தால் ஒரே கட்டியாக நழுவும். சோப்பு செல்களை உடைக்க, அவற்றிலிருந்து வெளிவரும் டிஎன்ஏ பின்னிக்கொண்டு கூழாகிறது. வெளியில் எந்த அறிகுறியும் இல்லாத ஆட்டில் இப்படிக் கூழாகப் பார்க்கும்போது மனம் கனத்துப்போகும். அந்த ஆடு எத்தனை நாளாக வலியோடு குட்டிக்குப் பால் கொடுத்ததோ!

பாலுக்குக் கொடுத்த விலை

தென் பிரான்ஸின் அவேரோன் பகுதி, ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்குப் பேர் போனது. லக்கோன் இனச் செம்மறியின் பாலில்தான் அதைச் செய்ய வேண்டும் என்பது விதி. தலைமுறை தலைமுறையாக அதிகப் பால் தரும் ஆடுகளையே தேர்ந்து இனப்பெருக்கம் செய்தார்கள். 2015-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்தி இந்த இனத்தை வளர்ப்பவர்களை யோசிக்க வைத்தது. எஸ்ஓசிஎஸ்2 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தால், அந்த ஆடு உடல் பெருத்து, பாலும் கூடுதலாகத் தருகிறது. ஆனால் மடியில் அழற்சிக்கும் எளிதில் ஆளாகிறது. வளர்ச்சி ஹார்மோனுக்கும் அழற்சிச் செய்திகளுக்கும் கடிவாளம் போடும் மரபணு அது. கடிவாளம் தளர்ந்தால் இரண்டும் சேர்ந்து ஓடுகின்றன. பாலுக்காகத் தேர்ந்தெடுத்தவர்கள், தெரியாமல் நோயையும் சேர்த்தே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். லக்கோன் இனவிருத்தித் திட்டத்தில் பாலின் அளவோடு, பாலில் உள்ள செல் எண்ணிக்கையும் மடியின் அமைப்பும் 2000-களிலேயே சேர்க்கப்பட்டன. பாலைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து மடியைக் காப்பாற்றும் அந்த முடிவு சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தடுப்பூசிக்கும் வருவோம். ஸ்பெயினில் கூழ் சுரக்கும் கிருமிகளைப் பற்றி நடந்த ஆய்வுகளின் தொடர்ச்சியாக, அந்தக் கூழின் பொருளுக்கு எதிராகவே எதிர்ப்பொருளை உண்டாக்கும் தடுப்பூசிகள் வந்தன. பசுக்களுக்கானது 2009-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி பெற்றது; செம்மறிக்கும் வெள்ளாட்டுக்குமான வடிவம் பின்னர் சந்தைக்கு வந்தது. அவை நோயின் அளவைக் குறைக்கின்றன. மந்தையிலிருந்து நோயை ஒழித்துவிடவில்லை. கிருமியின் பல கைகளைப் பார்த்த பிறகு, இதைவிட அதிகம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தீவனத் தொட்டியில் தொடங்குவது

இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனில் 10 மந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியிட்ட முடிவுகளில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. சினைக் காலத்தில் புரதம் போதாமல் வளர்ந்த ஆடு, பால் கொடுக்கும்போது வயிற்றுக்குப் போதாத ஆடு, ஒன்றுக்கு மேற்பட்ட குட்டிகளுக்கு ஊட்டும் ஆடு, தொங்கிய மடி, காம்பில் புண். இவற்றோடெல்லாம் மடிநோய் சேர்ந்தே வந்தது. எனக்கு இந்தப் பட்டியலில் ஒரு சங்கிலி தெரிகிறது. தாய்க்குத் தீனி போதவில்லை என்றால் பால் குறைகிறது. பசித்த குட்டி விடாமல் முட்டிக் கடித்து உறிஞ்சுகிறது. காம்பு புண்ணாகிறது. மேலே பார்த்த பிடிக்கு அந்தப் புண் இடம் தருகிறது.

நம் ஊர்ச் செம்மறிகளுக்கு இது நேராகப் பொருந்தும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருப்பவை ஏறக்குறைய 45 லட்சம். மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர், கீழக்கரிசல் என எந்த இனமானாலும் வளர்ப்பது கறிக்காக. பால் முழுக்கக் குட்டிக்கு. பாலைப் பாத்திரத்தில் கறந்து பார்க்காததால், மறைந்திருக்கும் மடிநோய் யார் கண்ணிலும் படுவதில்லை. குட்டி தேறவில்லை என்பது மட்டும் தெரியும். குடற்புழு என்று மருந்து கொடுத்துவிட்டு இருந்துவிடுவோம். கோடையில் சினையாக நிற்கும் ஆடு அறுவடை முடிந்த காட்டில் கிடைத்ததைக் கடித்து வருவதோடு நின்றுவிடாமல், ஈனுவதற்கு முந்தைய ஆறு வாரமாவது கொஞ்சம் புண்ணாக்கோ பயறுப் பொட்டோ கிடைத்தால், அது மடிக்கும் செய்கிற காவல்.

குட்டி பால் மறந்த பிறகு, அடுத்து கிடாவுக்கு விடும் முன், ஆட்டை நிறுத்தி இரண்டு பக்க மடியையும் உள்ளங்கையில் ஏந்தி அழுத்திப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் மெத்தென்று ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் கட்டி தட்டுப்பட்டால், உள்ளே எங்கோ கிருமி இன்னும் பிடித்துக்கொண்டிருக்கக் கூடும். அந்த ஆட்டை மந்தையில் வைத்தால் அடுத்த ஈற்றில் அதன் பால் குட்டிக்குப் போதாது. பசித்த குட்டி பக்கத்து ஆட்டிடம் திருடிக் குடிக்கப் போகும். போகும்போது வாயில் கிருமியையும் எடுத்துக்கொண்டு போகும்.